சக்கரத்துக்குச் சட்டை போடலாமா?

மழை பெய்தால் ரெயின்கோட் போடுகிறோம். வெயில் அடித்தால் தொப்பி வைக்கிறோம். பள்ளிக்கூடம் கிளம்பும்போது சாக்ஸ், ஷூ மாட்டிக்கொள்கிறோம். சரி... விமானத்தின் சக்கரத்துக்கு யாராவது பேன்ட் மாட்டிவிடுவார்களா?

'சும்மா கதை விடாதீங்க' என்கிறீர்களா? நிஜம்தான். அமெரிக்காவில் அதற்குப் பெயரே 'வீல் பேன்ட்'. இங்கிலாந்தில் 'ஸ்பாட்ஸ்' என்பார்கள். அந்தக் காலத்துக் கனவான்கள் ஷூவில் சேறு தெறிக்காமல் இருக்க, கணுக்காலைச் சுற்றி ஒரு துணி உறை மாட்டிக்கொள்வார்கள். அதன் பெயர்தான் ஸ்பாட்ஸ். அதே பெயரை விமானச் சக்கரத்தின் உறைக்கும் வைத்துவிட்டார்கள். பொறியாளர்கள் பொதுவாகச் சொல்லும் பெயர் 'ஃபேரிங்'. நாம் 'உறை' என்றே வைத்துக்கொள்வோம்.

மீனம்பாக்கத்தில் இருந்து கிளம்பும் பெரிய விமானங்களைப் பார்த்திருப்பீர்கள். தரையை விட்டு எழும்பியதும் சக்கரங்களை வயிற்றுக்குள் மடக்கிக்கொள்ளும். ஆனால், இரண்டு பேர், நான்கு பேர் போகும் குட்டி விமானங்கள் பலவற்றில் சக்கரம் மடங்காது. மடக்குவதற்கு மோட்டார், குழாய், கதவு எல்லாம் வேண்டும். எடை கூடும், விலையும் கூடும். தரையிறங்கும்போது சக்கரத்தை இறக்க மறந்துவிட்டால் அவ்வளவுதான்! அதனால் குட்டி விமானங்கள் சக்கரத்தைத் தொங்கவிட்டபடியே பறக்கின்றன. அந்தச் சக்கரத்துக்கும், அதைத் தாங்கும் காலுக்கும்தான் உறை போடுகிறார்கள்.

அழகுக்காகவா? இல்லை. காற்றுக்காக!

காற்று வாங்கும் கட்டணம்

மயிலாப்பூரில் இருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மாலை நேரத்தில் லஸ் முனையில் இருந்து கச்சேரி சாலை வழியாகச் சாந்தோம் பக்கம் சைக்கிள் மிதித்துப் பாருங்கள். கடல்காற்று நேராக முகத்தில் அடிக்கும். மெதுவாகப் போனால் தெரியாது. வேகமாக மிதித்தால், யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். அதுதான் காற்றுத் தடை.

இந்தக் காற்றுத் தடைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால், தடை இரண்டு மடங்காகாது... நான்கு மடங்காகிவிடும்! அந்தத் தடையை வெல்ல இன்ஜின் தரவேண்டிய சக்தி எட்டு மடங்கு. அதனால்தான் சைக்கிளில் நாம் கண்டுகொள்ளாத ஒரு சின்னக் குச்சிகூட, மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்குப் பெரிய தொல்லை ஆகிறது. வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் காற்று கட்டணம் வாங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கட்டணம் பெட்ரோலாகப் போகும்.

கடற்கரைக்குப் போகும்போது பரீட்சை அட்டை ஒன்றை எடுத்துப் போங்கள். அட்டையின் அகலமான பக்கத்தைக் காற்றுக்கு நேராகப் பிடியுங்கள். கையைப் பின்னால் தள்ளும். இப்போது அட்டையைத் திருப்பி, விளிம்பைக் காற்றுக்குக் காட்டுங்கள். தள்ளுவதே தெரியாது. அட்டை அதேதான், காற்றும் அதேதான். திருப்பிய விதம் மட்டும்தான் வேறு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு விமானம் இதே வித்தையைச் செய்யப்போகிறது!

மதராஸில் ஒரு ஓட்டல்காரர்

சொந்தமாக விமானம் செய்து பறக்கும் ஆசை நம்ம ஊருக்குப் புதிதல்ல. மவுன்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவருக்கு அந்த ஆசை வந்தது. அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்தது 1903-ல். பிரான்சைச் சேர்ந்த பிளேரியோ, 1909 ஜூலையில் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அந்தச் செய்தி உலகம் முழுவதும் பரவியது. ஓட்டல்காரர் சும்மா இருப்பாரா?

தாமே ஒரு விமானத்தை வடிவமைத்தார். அதைச் செய்து கொடுத்தது குதிரை வண்டிகள் கட்டுவதில் பெயர் பெற்ற சிம்சன் கம்பெனி. 1910 மார்ச் மாதம் பல்லாவரத்தில் அது பறந்தது. பிறகு தீவுத்திடலில் மக்கள் முன்னால் பறந்து காட்டினார். பார்க்க வந்தவர்களிடம் கட்டணமும் வாங்கினார். இந்தியாவில் நடந்த மிகப் பழைய விமானப் பயணங்களில் அதுவும் ஒன்று.

அந்தக் காலத்து விமானங்களின் படங்களைப் பாருங்கள். சைக்கிள் சக்கரம் போன்ற சக்கரங்கள், குறுக்கும் நெடுக்கும் கம்பிகள், குச்சிகள்... எல்லாம் வெளியே தெரியும். அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஏனென்றால் வேகம் குறைவு. மேலே எழும்பினாலே பெரிய வெற்றி!

இன்ஜின்களின் சக்தி கூடக் கூட, வேகமும் கூடியது. அப்போதுதான் பிரச்னை தெரிந்தது. அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில், ஒரு முழு விமானத்தின் உடலையே உள்ளே நிறுத்தும் அளவுக்குப் பெரிய காற்றுச் சுரங்கம் கட்டினார்கள். காற்றுச் சுரங்கம் என்றால், ராட்சத விசிறி வைத்து உள்ளே காற்றை ஓடவிடும் ஒரு கூடம். 1927-ல் ஸ்பெர்ரி மெசஞ்சர் என்ற குட்டி விமானத்தை அதில் நிறுத்திச் சோதித்தார்கள். விமான உடல் சந்திக்கும் காற்றுத் தடையில் ஏறக்குறைய 40 சதவீதத்துக்கு, வெளியே தொங்கிய கால்களும் சக்கரங்களுமே காரணம் என்று தெரிந்தது. அதிர்ந்துவிட்டார்கள்! அதன் பிறகு விமானம் வடிவமைப்பவர்கள் முன்னால் இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று, சக்கரத்தை மடக்கு. இல்லையென்றால், உறை போடு.

பறவைகள் இதை நமக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டன. மொட்டை மாடியில் நின்று பாருங்கள். காகம் பறக்கும்போது கால்களை வயிற்று இறகுக்குள் சொருகிக்கொள்ளும். அடையாறு கழிமுகத்தில் பறக்கும் கொக்கு, நீளமான கால்களைப் பின்பக்கம் நேராக நீட்டிக்கொள்ளும். காலைத் தொங்கவிட்டபடி தொலைதூரம் பறக்கும் கொக்கை நீங்கள் பார்க்கவே முடியாது. இறங்கும் நேரத்தில்தான் காலைக் கீழே விடும்.

முன்பக்கமா, பின்பக்கமா?

இப்போது ஒரு கேள்வி. காற்றைக் கிழித்துக்கொண்டு போக, ஒரு பொருளின் எந்தப் பக்கம் கூர்மையாக இருக்க வேண்டும்? முன்பக்கமா, பின்பக்கமா?

'முன்பக்கம்தான்! ஊசி மாதிரி இருக்கணும்' என்றுதான் பெரும்பாலும் சொல்வோம். ஆனால் குட்டி விமானத்தின் வேகத்தில் சரியான விடை, பின்பக்கம்!

மயிலாப்பூர் தெப்பக்குளத்தில் மீன்களைக் கவனித்திருக்கிறீர்களா? தலைப்பக்கம் உருண்டையாக, கொழுகொழு என்று இருக்கும். பின்னால் போகப் போக ஒல்லியாகி, வாலில் முடியும். மீனுக்கு யாரும் விஞ்ஞானப் பாடம் சொல்லித்தரவில்லை. ஆனால், தண்ணீரில் சுலபமாகப் போக இதுதான் நல்ல வடிவம்.

ஏன் அப்படி? காற்று ஒரு பொருளின் மீது மோதும்போது, இரண்டாகப் பிரிந்து அதைச் சுற்றிப் போகிறது. முன்பக்கம் உருண்டையாக இருந்தால் பிரிவது சுலபம். பின்னால் அது மறுபடி ஒன்றுசேர வேண்டும். பின்பக்கம் திடீரென்று முடிந்துவிட்டால், காற்றால் அவ்வளவு வேகமாக வளைந்து வந்து சேர முடியாது. பொருளுக்குப் பின்னால் குழம்பிப் போய்ச் சுழல ஆரம்பிக்கும். அந்தச் சுழல் இருக்கும் இடத்தில் காற்றழுத்தம் குறைவு. அதனால் அது பொருளைப் பின்னோக்கி இழுக்கும். வாலை நீளமாக, மெதுவாகக் குறுக்கிக்கொண்டே போனால், பிரிந்த காற்று சமர்த்தாகத் திரும்பி வந்து சேரும். சுழல் குறையும், இழுப்பும் குறையும்.

உருண்டையான ஒரு கம்பியையும், அதே தடிமனில் மீன் வடிவத்தில் செய்த ஒரு கம்பியையும் எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டைக் கம்பி தரும் தடை, மீன் வடிவக் கம்பியைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு! விமானத்தின் கால் பல சமயம் உருண்டையான இரும்புக் கம்பிதான். அதற்கு மேல் மீன் வடிவத்தில் ஓர் உறை போட்டால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்குமே.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

இந்தச் சோதனையை அப்பா, அம்மா யாராவது பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். ஒரு குவளைத் தண்ணீரையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேஜை மீது ஒரு மெழுகுவத்தியை ஏற்றி நிறுத்துங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள். மெழுகுவத்திக்கு முன்னால் அரைச் சாண் தள்ளி, தபால் அட்டை அளவுள்ள ஓர் அட்டையை நேராகப் பிடியுங்கள். இந்தப் பக்கம் இருந்து அட்டையின் மீது ஊதுங்கள். சுடர் எந்தப் பக்கம் சாய்கிறது? பல தடவை, ஊதும் உங்களை நோக்கியே சாயும்! அட்டைக்குப் பின்னால் காற்று சுழன்று திரும்பி வருவதுதான் காரணம்.

அட்டையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் உருண்டையான ஒரு பாட்டிலை வையுங்கள். அதே மாதிரி ஊதுங்கள். இப்போது சுடர் உங்களை விட்டு விலகிச் சாயும். பலமாக ஊதினால் அணைந்தும் போகும். காற்று பாட்டிலைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்துவிட்டது!

வீட்டில் மெழுகுவத்தி ஏற்ற வேண்டாம் என்றால், மெல்லிய டிஷ்யூ காகித நாடாவைப் பென்சிலில் ஒட்டித் தொங்கவிட்டும் பார்க்கலாம்.

உறையே பிரேக் ஆன கதை

நம் நாட்டின் வானத்தபால் சரித்திரத்திலும் இந்த உறைக்கு ஓர் இடம் உண்டு. 1932 அக்டோபர் 15. கராச்சியில் (இன்று பாகிஸ்தானில் இருக்கிறது) இருந்து தபால் மூட்டையோடு ஒரு குட்டி விமானம் கிளம்பியது. ஓட்டியவர் ஜே.ஆர்.டி. டாடா. அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தார். பம்பாயில் இருந்து தபாலை எடுத்துக்கொண்டு பெல்லாரி வழியாக நம் மதராஸுக்குப் பறந்து வந்தவர் அவருடைய நண்பர் நெவில் வின்சென்ட். பின்னாளில் ஏர் இந்தியா என்று வளர்ந்த நிறுவனத்தின் ஆரம்பம் அதுதான்.

அந்த விமானத்தின் பெயர் புஸ் மாத். இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் கம்பெனி தயாரித்தது. அதன் சக்கரம் மடங்காது. ஆனால் கால்களுக்கு ஒல்லியான, தட்டையான உறை உண்டு. பறக்கும்போது உறையின் விளிம்பு காற்றைப் பார்த்து இருக்கும். தடை குறைவு.

தரையிறங்கும்போது? அதில்தான் வேடிக்கை. விமானி ஒரு கைப்பிடியை இழுத்தால், காலில் இருக்கும் உறை அப்படியே 90 டிகிரி திரும்பும். அகலமான பக்கம் காற்றைப் பார்க்கும். உடனே தடை கூடிவிடும், விமானம் வேகம் பிடிக்காமல் சரிவாக இறங்கும். அதாவது, ஒரே உறைதான்... பறக்கும்போது நண்பன், இறங்கும்போது பிரேக்! கடற்கரையில் நாம் பரீட்சை அட்டையைத் திருப்பினோமே, அதே வித்தை.

வீட்டில் கட்டும் விமானம்

ஓட்டல்காரர் டி ஏஞ்சலிஸ் போலச் சொந்தமாக விமானம் கட்டுபவர்கள் இன்றும் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். நம் நாட்டில் அமோல் யாதவ் என்ற விமானி, மும்பையில் தாம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார். அது 2016-ல் மும்பையில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைக்கப்பட்டது. 2017-ல் அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அதைப் பதிவு செய்தது.

அமெரிக்காவில் இது ஒரு பெரிய பொழுதுபோக்கு. ரிச்சர்ட் வான்குரன்ஸ்வன் என்ற பொறியாளர் 1970-களில் ஆரம்பித்த கம்பெனி, விமானத்தின் பாகங்களைப் பெட்டியில் போட்டு அனுப்பும். வாங்கியவர் கார் ஷெட்டில் வைத்து, ஒவ்வோர் ஆணியாக அடித்துப் பூட்ட வேண்டும். பாதிக்கு மேல் வேலையைக் கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். அவருடைய 'ஆர்.வி.' வகை விமானங்கள் இதுவரை 11,000-க்கும் மேல் கட்டி முடிக்கப்பட்டுப் பறந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சக்கரம் மடங்காது. பல வகைகளில் கால்களும் உருண்டையான எஃகுக் கம்பிகள்தான்.

ஆரம்பத்தில் வந்த சக்கர உறைகளுக்கு வால் குட்டையாக இருந்தது. பிறகு, வால் நீளமாகக் குறுகும் புதிய உறைகள் வந்தன. காற்று சமர்த்தாகத் திரும்பிச் சேர வேண்டும் என்பதற்காக! பழைய விமானம் வைத்திருப்பவர்கள் பழைய உறையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுகிறார்கள். கேட்கச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? வாருங்கள், நீங்களும் உதவிக்கு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, விமானத்தை ஜாக்கி போட்டுத் தூக்குவது. ஏன் தெரியுமா? தரையில் நிற்கும்போது எடை தாங்காமல் கால்கள் கொஞ்சம் விரிந்து நிற்கும். வானத்தில் எடை இல்லாததால் வேறு மாதிரி தொங்கும். உறை நேராக இருக்க வேண்டியது வானத்தில்தானே! அதனால் சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி, பறக்கும்போது இருப்பது போல உடலை மட்டமாக நிறுத்துவார்கள்.

இரண்டாவது, கோடு போடுவது. இதற்குக் கம்ப்யூட்டர் எல்லாம் வேண்டாம். கொத்தனார் சுவர் எழுப்பும்போது நூலில் கட்டித் தொங்கவிடுவாரே, தூக்குக்குண்டு... அதேதான்! விமானத்தின் மூக்கில் இருந்தும் வாலில் இருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, தரையில் புள்ளி வைத்து, நேர்க்கோடு இழுப்பார்கள். இரண்டு சக்கர உறைகளும் அந்தக் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் உறை ஒரு சுக்கான் போல வேலை செய்து, விமானத்தை ஒரு பக்கமாக இழுக்கும். வேகம் கூட்டப் போட்ட உறையே வேகத்தைக் குறைத்துவிடும்.

மூன்றாவது, இடைவெளி. டயருக்கும் உறைக்கும் நடுவே இடம் விட வேண்டும். டயர் மேல் சுமார் ஓர் அங்குல மரக்கட்டையை வைத்து, அதன் மேல் உறையை உட்காரவைத்து அளவு பார்ப்பார்கள். இறங்கும்போது டயர் நசுங்கும், குலுங்கும். உறையில் உரசினால் ஆபத்து.

நான்காவது, மூலைகளை மூடுவது. கால் வந்து உடலோடு சேரும் இடம், கால் சக்கர உறைக்குள் நுழையும் இடம்... இந்த இடுக்குகளில் காற்று மாட்டிக்கொண்டு சுழலும். அதனால் அங்கே களிமண் வைத்து விரலால் வழவழவென்று வளைவு செய்வார்கள். அதன் மேல் கண்ணாடி இழைத் துணியை வைத்து, பசை தடவிக் காயவிடுவார்கள். காய்ந்ததும் களிமண்ணை எடுத்துவிட்டால் கச்சிதமான ஒரு மூடி கிடைக்கும். நொச்சிக்குப்பம் கடற்கரையில் நிற்கும் ஃபைபர் படகுகளைப் பார்த்திருப்பீர்களே, அதே வகைப் பொருள்தான் இது. கடலில் போவதற்கும் அதுதான், வானத்தில் போவதற்கும் அதுதான்!

ஜெயித்தது எப்படித் தெரியும்?

உறை மாட்டியாகிவிட்டது. 'ஆகா, விமானம் பிய்த்துக்கொண்டு பறக்கிறது' என்று சொல்லிவிடலாமா? கூடாது. புது ஷூ போட்ட அன்று நாம் வேகமாக ஓடுவது போலத் தோன்றும் அல்லவா? தோன்றுவது வேறு, அளப்பது வேறு.

நல்ல கட்டுநர், பழைய உறையோடு ஒரு தடவை அளந்து எழுதி வைப்பார். புதிய உறையோடு அதே உயரத்தில், இன்ஜினை அதே அளவில் வைத்து மறுபடி அளப்பார். ஒரு பக்கமாக மட்டும் பறந்து பார்க்க மாட்டார். உதாரணமாக, பின்னால் இருந்து 20 கிலோமீட்டர் வேகக் காற்று தள்ளினால், மணிக்கு 200 கிலோமீட்டரில் பறக்கும் விமானம் தரைக்கு மேல் 220-ல் போகும். திரும்பி வரும்போது அதே காற்று எதிர்த்தால் 180 தான். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 200. அதுதான் உண்மையான வேகம்.

எவ்வளவு லாபம் கிடைக்கும்? அது விமானத்தைப் பொறுத்தது. உலகிலேயே அதிகமாகத் தயாரிக்கப்பட்ட குட்டி விமானம் செஸ்னா 172. அதற்குச் சக்கர உறை போட்டால் கூடும் வேகம் சுமார் 2 நாட் என்று அதன் கையேடு சொல்கிறது. மணிக்கு 4 கிலோமீட்டர்கூட இல்லை! இறக்கைக்கு முட்டுக் கொடுக்கும் கம்பம், அகலமான உடல் என்று தடை தரும் விஷயங்கள் அதில் நிறைய உண்டு. வேகமான, வழவழப்பான விமானங்களில் சக்கரம்தான் முக்கியத் தொல்லை என்பதால் லாபமும் அதிகம்.

ஒரு கணக்கு போடுவோமா? ஒரு விமானம் மணிக்கு 200 கிலோமீட்டரில் பறக்கிறது. உறை போட்டதும் 212 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 600 கிலோமீட்டர் பயணத்தில் எவ்வளவு நேரம் மிச்சம்? விடை: சுமார் 10 நிமிடம். பெட்ரோல் கூடுதலாகச் செலவழிக்காமல் ஒவ்வொரு பயணத்திலும் கிடைக்கும் 10 நிமிடம்!

உறை மறைக்கக் கூடாது

'அப்படியானால் எல்லோரும் உறை போட வேண்டியதுதானே?' என்று கேட்பீர்கள். பல பயிற்சிப் பள்ளிகளில் உறையைக் கழற்றியே வைத்திருக்கிறார்கள். ஏன்?

மழை பெய்து நனைந்த புல் தரையில் இறங்கினால், சேறு உறைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். சேறு இறுகினால் சக்கரமே சுற்றாது. அடிக்கடி பிரேக் போட்டால், அந்தச் சூடு உறைக்குள் சிக்கி வெளியே போக வழி இல்லாமல் தவிக்கும். சில சமயம் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, டயர் பாதிக்கு மேல் மறைந்துவிடுகிறது. காற்று குறைந்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா, ஏதாவது கீறி இருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரியாது.

அதனால்தான் புதிய வகை உறைகளை முன்பாதி, பின்பாதி என இரண்டு துண்டாகச் செய்கிறார்கள். சில ஸ்குரூக்களைக் கழற்றினால் போதும், உள்ளே முழுசாகப் பார்க்கலாம். நல்ல விமானி கிளம்பும் முன் குனிந்து, முட்டிபோட்டு, உறைக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார். 'நேற்றுதானே பார்த்தோம்' என்று விட மாட்டார். ஏனென்றால், வானத்தில் போன பிறகு வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் பார்க்க முடியாது அல்லவா? வேகத்தில் 10 நிமிடம் மிச்சம் பிடித்தவர், சோதனைக்கு 10 நிமிடம் செலவழிக்க யோசித்தால் அந்த உறையால் பயன் இல்லை.

இதையெல்லாம் படித்ததும் 'நானும் விமானம் செய்வேன்' என்று ஆசை வருகிறதா? வரட்டும்! சென்னையில் இருந்த தன் பெரிய வீட்டை விற்று, சி.ராஜம் என்பவர் 1949-ல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. கல்லூரியை ஆரம்பித்தார். அங்கே காட்சிக்கு நிறுத்தி வைத்திருந்த இரண்டு பழைய விமானங்கள், ராமேஸ்வரத்தில் இருந்து படிக்க வந்த ஒரு மாணவரை இழுத்துப் பிடித்தன. அவர் விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். அவர்தான் நம் அப்துல் கலாம். அடையாறு பக்கம் உள்ள ஐ.ஐ.டி.யிலும் விண்வெளிப் பொறியியல் துறை இருக்கிறது. காற்றுச் சுரங்கமும் இருக்கிறது.

அதற்கெல்லாம் இன்னும் வருடம் இருக்கிறது. இப்போதைக்கு ஒரு நோட்டை எடுங்கள். ஒரு வாரம், கண்ணில் படும் பொருட்களின் 'வாலை' மட்டும் கவனித்து வரையுங்கள். மீன், காகம், படகு, பஸ், ஆட்டோ, ஹெல்மெட்... எதன் பின்பக்கம் காற்றைச் சமர்த்தாகச் சேர்த்து அனுப்புகிறது? எது சுழலவிட்டு மாட்டிக்கொள்கிறது? மாநகரப் பேருந்தின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் மறக்காமல் பாருங்கள். அதற்கு நீங்கள் எந்த வடிவத்தில் வால் வைப்பீர்கள்? படம் வரைந்து உங்கள் அறிவியல் டீச்சரிடம் காட்டுங்கள், குட்டீஸ்!